வண்டியின் மூக்கில் தொங்கும் ஒயர்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் டேனியலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் அப்பா என் எதிரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குகிறார், நானும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன், அங்கே கனடாவில் நீயும் பிரவீனாவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபம் செய்கிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போது சில விஷயங்களைச் சொல்லவும் முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு புவனேஸ்வரி படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவசரமாகப் படிக்காதே, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு படி.

நீ கோபமாக அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். நம் காரின் முன்னால் தொங்கும் அந்த ஒயரின் படத்தை உனக்கு அனுப்பியது புவனேஸ்வரிதான், நான் சொல்லி அனுப்பவில்லை. "யாரக் கேட்டும்மா பேட்டரியில கை வச்சீங்க, வண்டிய வித்துடுங்க, கூப்பிட்டா டாக்சி வருது" என்று நீ சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும். ஆனால் நடந்தது என்ன என்று முழுதாகத் தெரிந்துகொண்டு பிறகு கோபப்படு.

மாசி மாதம் அப்பாவுக்கு வலிப்பு வந்தது உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில பேருக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொன்னதையும் உன்னிடம் சொன்னேன். அன்று வண்டி கிளம்பவில்லை என்பதை மட்டும் நீ சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாய், நானும் சாதாரணமாகத்தான் சொன்னேன். அது சாதாரணம் இல்லை டேனி. குளியலறை வாசலில் அவர் விழுந்து கைகால் உதறிக்கொண்டிருந்தார், வாயோரம் நுரை வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, வண்டியில் ஏற்றிவிடலாம் என்று ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி திருகினேன், அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவைக் கை கால் பயிற்சிக்குக் கூட்டிப்போவதைத் தவிர நான் வண்டியை எடுப்பதே இல்லை, சும்மா நின்று நின்று பேட்டரி இறங்கிப்போயிருக்கிறது. அந்தச் செத்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியவில்லை. கடைசியில் புவனேஸ்வரியின் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் பட்டு ஏற்றிப் போகும் லோடு ஆட்டோவில், பட்டுப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு அப்பாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் செத்துப் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு என் பயமெல்லாம் அந்த வண்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டது. நீ அனுப்பிய சார்ஜர் இருக்கிறது, ஆனால் அதைப் பேட்டரியில் மாட்ட வேண்டுமானால் பானட்டைத் தூக்க வேண்டும். என் வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கை தலைக்கு மேலே போகாது என்பது உனக்குத் தெரியும். ஒரு கையால் பானட்டைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் கம்பியை முட்டுக்கொடுக்கப் பார்த்தேன், கம்பி நழுவி பானட் என் மணிக்கட்டின்மேல் விழுந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, வீக்கம் வந்து போய்விட்டது. தினமும் ஒருவரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல முடியுமா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர்தான் அந்த ஒயரை எடுத்துக் காட்டினார். ஒரு முனையில் இரண்டு வளையம், அதைப் பேட்டரியில் ஒருமுறை மாட்டி முறுக்கிவிட்டால் போதும். சிவப்பு ஒயர் நடுவில் ஒரு பியூஸ். மறுமுனையில் ரப்பர் மூடி போட்ட ஒரு கனெக்டர், அதை வண்டியின் முன்பக்க கிரில் வழியாக வெளியே தொங்கவிட வேண்டும். பிறகு பானட்டைத் திறக்கவே வேண்டாம், சார்ஜர் பின்னை அதில் செருகினால் போதும். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் எல்லா வண்டிக்கும் மூக்கில் ஒரு ஒயர் தொங்கும், ராத்திரியில் அதைச் சுவரில் சொருகி வைப்பார்கள் என்று நீ முதல் வருஷம் படம் அனுப்பினாய், நாங்கள் சிரித்தோம். கடைக்காரர் காட்டியதும் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் தர்மனிடம் மாட்டித்தரச் சொல்லிக் கேட்டேன். ஏனாத்தூர் போகிற வழியில் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். "கருட சேவ முடியட்டும்மா, ஊரே வேன்ல வந்துக்கினு இருக்குது, தலைக்கு மேல வேல" என்றார். அவர் மேலும் தப்பில்லை. ஆனால் எனக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. அப்பா இருமினால்கூட ஓடிப்போய்ப் பார்க்கிறேன். குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட விடுவதில்லை. பெருமாள் கோயில் கருட சேவை அன்றைக்கு ஊருக்குள் ஒரு ஆட்டோ நகராது, அன்றைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவே ஒரு நாள் அந்த ஒயரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என்னைக் காட்டி, வண்டியைக் காட்டினார். நீ மாட்டு, நான் சொல்கிறேன் என்று அர்த்தம்.

உனக்கே தெரியும், எனக்குப் பேட்டரி என்றாலே நடுக்கம். அப்பா டிப்போவில் இருந்த காலத்தில் ஒரு பஸ் பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்து ஒருவருக்குக் கண் போனது. அவரைப் பார்க்க நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், அந்தக் கட்டு போட்ட முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் சரி என்றேன். புவனேஸ்வரி வந்து பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனாள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள், எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை அவரே எடுத்துக் கொடுத்தார். எதை முதலில் கழற்றுவது என்று கேட்டேன். "செவப்பு" என்றார். தெளிவாகச் சொன்னார் டேனி, வார்த்தை குழறவே இல்லை. "செவப்பு மொதல்ல."

நான் சிவப்பில் ஸ்பேனரை வைத்துத் திருகினேன். அவர் "செவப்பு, செவப்பு" என்று கத்தி, கைத்தடியால் தரையில் தட்டினார். நான் மெதுவாகச் செய்கிறேன் என்று அவசரப்படுத்துகிறார் என நினைத்து இன்னும் வேகமாகத் திருப்பினேன். ஸ்பேனரின் வால் பக்கத்தில் இருந்த இரும்பில் பட்டது. பட்டென்று ஒரு சத்தம், கண் முன்னால் நீலமாக ஒரு வெளிச்சம், தீய்ந்த வாசனை. ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று தெரியாது, நான் கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்றும் தெரியாது. உள்ளங்கையில் ஒரு கோடு சிவந்து எரிந்தது. வெடிக்கப் போகிறது, வெடிக்கப் போகிறது என்றே மனசு கத்தியது. திரும்பிப் பார்த்தால் அப்பா நாற்காலியில் இல்லை. எழுந்திருக்கப் பார்த்து விழுந்து, ஒரு கையை ஊன்றிக்கொண்டு தரையில் தவழ்ந்து என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறார். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அந்த வண்டியின் அடியோரமாகத்தான் தவழ்ந்தார். நான் பயந்து ஓடிவிட்டேன், அவர் பயந்து உள்ளே வந்தார்.

அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். பிறகு சிவப்பு வளையத்தை எடுத்துக் காட்டி இது என்ன என்று கேட்டேன், "கறுப்பு" என்றார். கறுப்பைக் காட்டினேன், "செவப்பு" என்றார். அவருக்கு எது எதுவென்று நன்றாகத் தெரிகிறது, வாய்தான் வேறு சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. கறுப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும், அதைச் சொல்லத்தான் அப்படிக் கத்தியிருக்கிறார். போன மாதம் போனில் உன்னை அப்பாதுரை அப்பாதுரை என்று கூப்பிட்டாரே, நீ அன்றைக்குச் சட்டென்று போனை வைத்துவிட்டாய். அப்பாதுரை, அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் அவரோடு ரொம்ப வருஷம் ஓடிய கண்டக்டர். அப்போது அப்பாவின் விரல் சுவரில் இருக்கும் உன் கல்யாணப் படத்தின்மேல் இருந்தது. இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருந்தால் நீ அப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டாய், எனக்கும் அது அன்றைக்குப் புரியவில்லை.

"இனிமே வாயத் தொறக்காதீங்க, தடியால தொட்டுக் காட்டுங்க, எனக்கு அது போதும்" என்றேன். வேண்டாம், மூடிவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் ஒரு பக்கம் கழன்றும் கழலாமலும் கிடக்கிற பேட்டரியை விட்டுவிட்டுப் போகவும் பயம். செய்தாலும் பயம், செய்யாவிட்டாலும் பயம் என்றால் செய்துவிடுவோம் என்று எழுந்தேன். தடியின் ரப்பர் நுனியால் அவர் கறுப்பைத் தொட்டார். இதுவா மொதல்ல என்று கேட்டேன், தலையாட்டினார். ஒவ்வொன்றுக்கும் அப்படியே கேட்டேன். கறுப்பைக் கழற்றி ஒதுக்கி ஒரு துணியைச் சுற்றி வைத்தேன். பிறகு சிவப்பில் வளையத்தைப் போட்டு முறுக்கினேன். கடைசியில் இன்னொரு வளையத்தோடு கறுப்பைத் திரும்ப மாட்டும்போது ஊசிமுனை அளவு ஒரு பொறி வந்தது, நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். ஒயரை விசிறிப் பக்கம் போகாமல் ஓரமாகக் கட்டி, கிரில் வழியாக வெளியே இழுத்துவிட்டேன். அவர் தடியால் ஒவ்வொரு முடிச்சையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

பியூஸை மட்டும் அவர் தரவில்லை. தொடங்கும்போதே அதை எடுத்து இடது கைக்குள் வைத்துக்கொண்டு மூடிக்கொண்டார். கொடுங்க என்றேன், கையைப் பின்னால் கொண்டுபோனார். எனக்கு இருந்த நடுக்கத்தில் "என்ன சின்னப்புள்ளயாட்டம் அடம் பண்றீங்க" என்று கோபித்துக்கொண்டேன். எல்லாம் முறுக்கி, மூடி போட்டு, நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்ற பிறகுதான் கையைத் திறந்து நீட்டினார். வியர்வையில் நனைந்திருந்தது. பியூஸ் இல்லாதவரை அந்த ஒயரில் கரண்டு வராது, என் கை எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைத் தப்பாக நினைத்துத் திட்டினேனே என்று இருந்தது.

அடுத்த நாள் பகலில் சார்ஜரைச் செருகினேன். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டேன். நீங்க தெருவுல போய் உக்காருங்க என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தச் சொல்லிக் கைகாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கேயாவது சூடு ஏறுகிறதா என்று ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், புகை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தேன், சமையலுக்குக்கூட உள்ளே போகவில்லை. பச்சை விளக்கு வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு தர்மன் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டு, "சரியாத்தாம்மா இருக்குது, ஆனா தனியா செய்யாதீங்க" என்றார். தனியாகச் செய்யவில்லை என்று சொன்னேன்.

இப்போது கருட சேவை அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். நீ பயந்தது இதைக் கேட்டுத்தானே. காலையில் காபி கொடுத்தேன், டம்ளர் கையில் இருந்து நழுவியது. சரி, இடது கைதானே பலம், அதிலிருந்து ஏன் நழுவுகிறது என்று முகத்தைப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. கண் என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் வழியெல்லாம் தடுப்பு போட்டிருக்கிறார்கள், சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். நான் புவனேஸ்வரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவளும் அவள் வீட்டுக்காரரும் அப்பாவைத் தூக்கி முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டார்கள். அவள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ டிரைவர்தான், ஆனால் கார் ஓட்டியதில்லை, நீங்களே எடுங்க ஆன்ட்டி, நாங்க பின்னாடி உக்காந்து சாரப் புடிச்சிக்கிறோம் என்றார். சாவியைப் போட்டுவிட்டு நான் திருப்பவில்லை. எனக்குக் கை வரவில்லை. மாசி மாதத்து அந்த டிக் டிக் சத்தம்தான் காதில் இருந்தது. புவனேஸ்வரி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு "போடுங்க ஆன்ட்டி" என்றாள். திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

அப்போது அப்பா பேசினார். கண் எங்கேயோ இருக்கிறது, வாய் கோணியிருக்கிறது, ஆனால் "போலாம் ரைட்" என்றார். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். பஸ் ஓட்டிய காலமெல்லாம் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லிக் கேட்ட சொல், எந்த மூலையில் பத்திரமாக இருந்ததோ, அது தப்பாமல் வந்துவிட்டது.

ஓரிக்கைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனேன். கூட்டம் அங்கேயும் வந்துவிட்டது, ஜனங்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டை அடைத்து நடக்கிறார்கள். ஹாரன் அடித்தால் யார் காதில் விழும். ஒரு இடத்தில் கிளட்சை விட்டுவிட்டேன், வண்டி நின்றுபோனது. இத்தனை பேர் நடுவில் இனி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன், கர்த்தரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு திருப்பினேன், கிளம்பியது. தடுப்புக்கிட்டே ஒரு பெண் போலீஸ் திட்டத்தான் வந்தாள், உள்ளே அப்பா முகத்தைப் பார்த்தாள். உடனே தடுப்பை இழுத்துவிட்டு, "என் பின்னாடியே வாங்கம்மா" என்று வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தாள். அவள் ஜனங்களை ஒதுக்கிக்கொண்டு ஓட, நான் அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் பெயர்கூடத் தெரியாது, அவளுக்காகவும் ஜெபம் செய்துகொள்.

மறுபடியும் மூளையில் அடைப்பு, நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள், அதனால் ஊசி போட முடிந்தது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார், நான் வேண்டாம் டாக்டர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இடது கை நன்றாக அசைகிறது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன், பேச்சு முன்னைவிடக் குறைந்துவிட்டது. செவப்பு, கறுப்பு, அப்பாதுரை எல்லாம் போய்விட்டது. இரண்டு நாளாக வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். திரும்ப வரலாம், பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அதனால் வண்டியை விற்கச் சொல்லாதே. டாக்சி வரும், வராமலும் இருக்கும். நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதே, வீட்டுக்குப் போனதும் திரும்ப அந்த ஒயரில் சார்ஜரைச் செருக வேண்டுமே என்று இப்போதே கை குளிர்கிறது. குளிர்ந்தாலும் செருகுவேன். நீ டிக்கெட் போடுகிறேன் என்று சொன்னாயாம், புவனேஸ்வரி சொன்னாள். போடாதே. பிரவீனாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது, மொழி தெரியாத ஊரில் அவளைத் தனியாக விட்டுவிட்டு நீ இங்கே வந்தால் எனக்கு இரண்டு பக்கமும் பயம் ஆகிவிடும், அதை என்னால் தாங்க முடியாது. அவள் கூடவே இரு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடச் சொல், மாடிப்படியில் வேகமாக இறங்க வேண்டாம் என்று சொல். நீயும் ராத்திரி வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே.

பிள்ளை பிறந்ததும் வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் அப்பாவுக்கு வீடியோவில் காட்டு, போனைக் கிட்டே பிடித்து அழுகிற சத்தம் கேட்கும்படி காட்டு. அன்றைக்கு அவருக்குப் பேச்சு வந்து, பிள்ளையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, சட்டென்று திருத்தாமல், பிள்ளை கேட்பதுபோல் என்ன தாத்தா என்று கேள்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கண்ணின் மணிபோல் காக்கட்டும். பிரவீனாவுக்கு என் முத்தங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருக்காதே.

உன் அப்பா யேசுதாஸ் அருகில் இருக்க,
உன் அம்மா
கிரேஸ்